முகாரி பாடச் சொன்ன பயணம்

சங்கீதம் படிப்பிக்கிறவர்களுக்குத் தொண்டை கெட்டுப்போவது பாடிப் பாடி அல்ல, பெற்றோருக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான். ஸ்காபரோவில் என் வீட்டு பேஸ்மென்டில் இருபது வருடத்துக்கு மேலாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளால் எனக்கு ஒருநாளும் குரல் கட்டியதில்லை. நீங்களும் வயலினோ வீணையோ நடனமோ சொல்லிக்கொடுக்கிறவராக இருந்து, மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவராகவும் இருந்தால், மேலே வாசியுங்கள். நீங்கள் என் இனம்.

போர் முடிந்த வருடம், இங்கே கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடியவுடன், என் மூத்த மாணவர்களைச் சுவிற்சர்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயுள்ள எங்கள் ஆட்கள் அழைத்திருந்தார்கள். இரண்டு கச்சேரி, நடுவில் மலை பார்ப்பது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நடுவில் யார்?

பயணம் பற்றிப் பேச முதல் கூட்டத்தைத் தை மாதத்தில் வைத்தேன். குளிர்ச்சட்டை, மருந்து, துணைக்கு யார் வருவது என்று கதைக்க வேண்டிய கூட்டம். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் அது மேடையில் யார் எங்கே இருப்பது என்ற வழக்காகிவிட்டது. நடுவில் இருக்கும் பிள்ளைதான் வீடியோவில் வடிவாக விழும் என்பது கனடாவில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம். சுருதி யாரிடம் அசையாமல் நிற்கிறதோ அந்தப் பிள்ளை நடுவில் இருக்கும், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள், இதுதான் முறை என்று சொன்னேன். முறை எனக்குத் தெரியும் என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தப் பிள்ளை ஆரணி. பதினேழு வயது. மற்றப் பிள்ளைகள் காரில் வந்து இறங்க, அவள் பார்க்டேலில் இருந்து ஸ்ட்ரீட்காரும் சப்வேயும் பஸ்சும் மாறி வருவாள். வந்து இருந்து வாய் திறந்தால் பேஸ்மென்டின் தாழ்ந்த கூரை எனக்கு மறந்துபோகும். பயணத்தின் பெரிய உருப்படி கல்யாணி ராகத்தில் ஒரு பாட்டு. அதன் ஆலாபனையை அவளுக்குத்தான் கொடுத்தேன். றூஜில் புதுவீடு வாங்கியிருந்த ஒரு தகப்பன் எழுந்து நின்றார்.

“ரீச்சர், ஓரத்தில இருந்து பாடுறதெண்டால் என்ர பிள்ளை எங்கட சிற்றிங் ரூமிலயே இருந்து பாடலாம்தானே? அதுக்கு ஏன் சுவிஸ்?”

கடையில் கேட்ட கேள்வி

பிறகு மாசி, பங்குனி, சித்திரை வந்தன. வன்னியில் சனம் ஒரு துண்டுக் கடற்கரைக்குள் ஒடுங்கிக் கிடந்த மாதங்கள். என் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதை விட்டு டவுன்டவுனில் போரை நிறுத்தச் சொல்லி எழுதிய மட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கத்திக் கத்தி ஒருவருக்கும் குரல் இல்லை. வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். முடிந்த பிறகு வகுப்புக்குத் திரும்பி வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் எழுத வரவில்லை.

ஆரணியின் அப்பாவுடைய தம்பி குடும்பம் வன்னியில் இருந்தது. சித்தப்பா, சித்தி, பதின்மூன்று வயதில் ஒரு மகள், கீர்த்தனா. சமாதான காலத்தில் ஊருக்குப் போனபோது இரண்டு பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எந்தப் பாட்டைப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தாலும், லைன் கிடைக்கிற அன்றைக்கு ஆரணி அதைத் தங்கச்சிக்குப் போனில் பாடிக்காட்டுவாள். சித்திரைக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்து ஒரு செய்தியும் இல்லை. ஆரணி வகுப்புக்கு வந்தாள். வந்து சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வாய் திறக்கவில்லை. “தொண்டை சரியில்லை ரீச்சர்” என்றாள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பயணத்தை நிறுத்துவதா என்று நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் மட்டை பிடித்த பிள்ளைகள் கொஞ்ச நாளைக்காவது பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. அதைவிட, எனக்கு ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டியிருந்தது: ஆரணி திரும்பப் பாட வேண்டும். இந்த நேரத்தில் சாமான் கடையில் தெரிந்த ஒருவர் என்னை மறித்து, “அங்க சனம் முள்ளுக்கம்பி முகாமுக்குள்ள கிடக்கு, நீங்கள் பிள்ளையளுக்குப் பனி காட்டப் போறியளோ?” என்று கேட்டார். அவருடைய தள்ளுவண்டியில், மகனின் பிறந்தநாளுக்கு, இரண்டு தட்டுக் கேக் ஒன்று ரோஜாப் பூவெல்லாம் வைத்து இருந்தது. அதைப் பார்த்தேன், அவரையும் பார்த்தேன், ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தக் கோபம் ஆறுவதற்கு வீட்டுக்கு வந்து பாத்திரமெல்லாம் கழுவ வேண்டியிருந்தது. பிறகு, மகளை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்க ஆரணியின் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

“கூட்டிக்கொண்டு போங்கோ ரீச்சர். நாங்கள் மூண்டு பேரும் போனைச் சுத்தித்தான் இருக்கிறம். அதுக்கு ரெண்டு பேர் காணும்.”

மத்தளத்தின் வயிற்றுக்குள்

மிருதங்கத்துக்கு எங்களோடு வந்தவர் குமார் மாஸ்ரர். சாதுவான மனிதர். மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்கு ரவையைக் குழைத்துப் பூசுவார்கள், அப்போதுதான் தொப்பி என்கிற அந்தப் பக்கம் பேசும். போகிற இடத்தில் ரவை கிடைக்குமோ என்ற பயத்தில் ஒரு பை ரவையைக் கைப்பெட்டியில் வைத்திருந்தார். சுவிசில் எங்கள் சனம் உப்புமா சாப்பிடாமலா இருக்கிறது என்று கேட்டேன். கேட்கவில்லை.

விமானம் மாறி ஏறிய இடத்தில் எங்களைத் தனியாக மறித்தார்கள். எல்லோரிடமும் கனடா பாஸ்போட்தான். ஆனால் பெரியவர்களின் பிறந்த இடம் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, “சுற்றுலாவா, ஊர்வலமா?” என்று கேட்டான் ஓர் அதிகாரி. மூன்று மாதம் தெருவில் நின்ற பிள்ளைகளுக்கு முன்னால்! சங்கீதம் என்றேன். ரவையை எடுத்தான். சாப்பாடா என்றான். இல்லை, மத்தளத்துக்கு என்றார் மாஸ்ரர், உண்மையைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாத மனிதர். அதோடு ரவை தனியாகப் பரிசோதனைக்குப் போனது. பிறகு மிருதங்கத்தைத் தூக்கிக் குலுக்கினார்கள், தட்டினார்கள், வெளிச்சத்தில் பிடித்தார்கள். பிள்ளைகள் பேசாமல் சுவரோடு வரிசையாக நின்றார்கள், யாரும் நிற்கச் சொல்லாமலே. அது தெருவில் நின்று வந்த பழக்கம். ஒருவன் வார் கட்டின மூட்டில் கத்தியை வைத்தபோது, சாதுவான குமார் மாஸ்ரர் என் பக்கம் திரும்பித் தமிழில் சத்தமாகச் சொன்னார்.

“உள்ளுக்கு வெறும் காத்துத்தான் ரீச்சர் இருக்கு. காத்தும் யாழ்ப்பாணத்தில பிறந்ததோ எண்டு கேக்கட்டும்.”

கல்யாணிக்கு வந்த கட்டளை

முதற் கச்சேரி சூரிச்சுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். எங்களை அழைத்த அமைப்பாளர் வாசலிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளைகள் பட்டு உடுத்தக்கூடாது என்றார். சரி, பருத்திதான் கொண்டுவந்திருக்கிறோம் என்றேன். தில்லானா வேண்டாம் என்றார். அதையும் ஏற்கெனவே எடுத்துவிட்டேன் என்றேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு மேடைக்கு வரக்கூடாது என்றார். எங்கள் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றேன். இதுவரைக்கும் என்னில் பொறுமை இருந்தது.

துக்கத்துக்கு மரியாதை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மண்டபத்தில் இருந்த அவ்வளவு பேருக்கும் யாரோ ஒருவர் இல்லாமல் போயிருந்தார்கள். அதற்காகத்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் பாடிப் பழகியதில் இருந்து நல்லதாகப் பார்த்து எடுத்து வந்திருந்தேன். அமைப்பாளர் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“கல்யாணி எண்டால் கலியாணவீடு மாதிரியெல்லோ இருக்கும் ரீச்சர். உந்தக் கல்யாணியை முகாரியில பாடேலாதோ?”

றிச்மண்ட் ஹில் மஞ்சுளா

கல்யாணியைக் கல்யாணியாகத்தான் பாடினோம். ஆலாபனையை நான் பாடினேன். நடுவில் ஆரணி சுருதிப் பெட்டியோடு இருந்தாள், உதடு அசையவில்லை. ஓரத்துப் பிள்ளைகளின் பெற்றோர் வீடியோவைப் பார்த்துவிட்டு, வாயே திறக்காத பிள்ளையை நடுவில் ஏன் வைத்தீர்கள் என்று கனடாவில் இருந்து போன் எடுத்துக் கேட்டார்கள். நான் போனை வைத்துவிட்டேன். நீங்களும் வைத்திருப்பீர்கள்.

அடுத்தநாள் மலை. பல்லுச் சக்கரம் வைத்த ரயில் ஒன்று அல்ப்ஸ் மலையில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு தாய் வந்திருந்தா, மஞ்சுளா. சென்னைக்காரி, றிச்மண்ட் ஹில்லில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலை செய்கிறவ. நல்ல மனுசி. பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவதில் இருந்து வாந்தி துடைப்பது வரை அவதான். ரயில் சன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு இறங்கிக்கொண்டே போக, மஞ்சுளாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. எங்களுக்கும் நிறையட்டும் என்றுதான் கதைத்திருப்பா. பின் இருக்கையில் ஆரணி இருந்ததை அவ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

“அதான் டீச்சர், ஒருவழியா எல்லாம் முடிஞ்சுடுச்சு இல்ல? இனிமே நீங்க எல்லாரும் நிம்மதியா ஊருக்குப் போயிட்டு வரலாமே!”

பனிக்கு மேலே ஒரு போன்

பாடுகிற பிள்ளைகள் கச்சேரிக்கு முன் குளிர்ந்ததைத் தொடக்கூடாது. ஐஸ்கிரீம் கூடாது, ஜூஸ் கூடாது, வெந்நீர்தான். இதை நான் கனடாவில் சொன்னேன், விமானத்தில் சொன்னேன், ரயிலிலும் சொன்னேன். மலை உச்சியில் கதவு திறந்ததும் என் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பனியை அள்ளி வாயில் போட்டார்கள். கனடாவில் வருடத்தில் அரைவாசி பனிக்குள் கிடக்கிற பிள்ளைகள்! வீட்டு வாசலில் அள்ளிக் கொட்டச் சொன்னால் இடுப்பு வலிக்கிறது என்பார்கள். திட்டுவதற்காகப் பின்னால் ஓடினேன். அவர்கள் சிரித்தார்கள். மாசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அதனால் திட்டை அரைவாசியில் நிறுத்தவேண்டியதாயிற்று.

அப்போதுதான் என் கைப்போன் அடித்தது. ஆரணியின் அப்பா. தம்பியும் மனைவியும் வவுனியா முகாமில் இருக்கிறார்களாம், உயிரோடு. மகள் அவர்களோடு இல்லை. கடைசி நாளில் சனத்தோடு சனமாக வரும்போது கை விட்டுப்போனதாம். ஆஸ்பத்திரியில் இருக்கலாம், வேறு முகாமில் இருக்கலாம். வேறு எங்கே இருக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனை ஆரணியிடம் கொடுத்தேன். அவள் “ம்” என்றாள், “ம்” என்றாள், போனைத் திருப்பித் தந்தாள். பிறகு பனியில் அப்படியே இருந்துவிட்டாள். மஞ்சுளா என்னிடம் என்ன செய்தி என்று கேட்டா. ரயிலில் சேர்த்து வைத்த கோபம் முழுவதையும் கலந்து, சொல்லக்கூடாத குரலில் சொன்னேன். மஞ்சுளாவின் முகம் வாடிப்போனது. ஆரணிக்குப் பக்கத்தில் போய்ப் பனியிலேயே இருந்து, அந்தப் பிள்ளையின் கையுறையைக் கழற்றிக் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தா. இறங்கும் ரயிலில் என்னிடம் மெதுவாகச் சொன்னா.

“எங்க டிவியில முடிஞ்சுதுன்னுதான் டீச்சர் சொன்னாங்க. ஒரு பொண்ணை இன்னும் காணோம்னு யாருமே சொல்லலையே.”

கோயில் மண்டபம்

கடைசிக் கச்சேரி ஒரு கோயில் மண்டபத்தில். அந்தக் கோயிலின் செயலாளர், இடுப்பில் சாவிக் கொத்தோடு ஒரு மெலிந்த மனிதர், மேடைப் படியிலேயே எங்களை மறித்தார். மண்டபத்துக்கும் மூலஸ்தானத்துக்கும் நடுவில் ஒரு கதவுதான். ஆகவே செத்தவீட்டுத் துடக்கு உள்ளவர்கள் மேடை ஏறக்கூடாதாம். உங்களுக்கு இந்த வழக்கம் தெரியும். சகோதர முறையில் ஒரு சாவுச் செய்தி வந்தால், முப்பத்தொரு நாள் கோயிலுக்குள் போகமாட்டோம், நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கமாட்டோம். “ஆருக்காவது அப்பிடித் துடக்கு இருக்கோ ரீச்சர்? இருந்தால் அந்தப் பிள்ளை கீழ இருக்கட்டும்” என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. நடுவிடம் கேட்ட தகப்பன், கேக் வாங்கியவர், மத்தளத்தைக் குலுக்கியவன், முகாரிக்காரர் எல்லோருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை மொத்தமாக இந்த மனிதருக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். “இந்த வருசம் துடக்கில்லாத வீடு எங்கட சனத்தில எது? எல்லாரையும் வெளியில விட்டால் ஐயரும் நீங்களும்தான் உள்ளுக்கு நிப்பியள்” என்று தொடங்கினேன். இன்னும் நிறைய இருந்தது. பின்னால் இருந்து ஆரணி முன்னுக்கு வந்தாள். இரண்டு மாதமாக வகுப்பில் தொண்டை சரியில்லை என்பதைத் தவிர ஒரு வசனமும் பேசாத பிள்ளை.

“அங்கிள், எனக்குத் துடக்கு இருக்கோ இல்லையோ, ஐ டோன்ட் நோ. சித்தப்பாட மகள், என்ர தங்கச்சி, அவளைக் காணேல்லை. எண்டைக்கு இருந்து எண்ணுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றாள்.

அந்த மனிதர் படியில் இருந்துவிட்டார். சாவிக் கொத்தை மடியில் வைத்து உருட்டினார். நான் அடுத்த வசனத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார்.

“எனக்கும் தம்பியைக் காணேல்லை பிள்ளை. வைகாசியில இருந்து. ஆனா ஒரு நாளும் நான் கோயில் திறக்காமல் விடேல்லை. நான் துடக்குக் காக்கத் தொடங்கினால், அவன் செத்துப்போனான் எண்டெல்லோ ஆகும்.”

மிருதங்கத்தைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த குமார் மாஸ்ரரின் கை நின்றது. ஆரணி மடியில் வைத்தே பழகிய சுருதிப் பெட்டியை மஞ்சுளாவின் மகளிடம் கொடுத்துவிட்டுப் படியில் ஏறினாள். நடுவில் போய் இருந்தாள். கல்யாணியை எடுத்தாள். இரண்டு மாதம் மூடிக்கிடந்த குரல், முதலில் கரகரத்தது, ஒரு இடத்தில் உடைந்தது, அவள் நிறுத்தவில்லை. செயலாளர் மூலஸ்தானத்துக் கதவை இரண்டு பக்கமும் நன்றாகத் திறந்துவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்று கேட்டார். அழுதது யார் யார் என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் தெரியவில்லை.

கச்சேரி முடிந்து இறங்கியதும், குரல் வந்துவிட்டதே பிள்ளை என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னை விலக்கி, சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போலச் சொன்னாள்.

“அது குரல் வந்ததால இல்லை ரீச்சர். நான் கீழ இருந்தால் கீர்த்தனா இல்லையெண்டு ஆகிடும். அதுதான் ஏறினனான்.”

இருபது வருடமாகக் கோபித்துக் கோபித்துக் கைதேர்ந்த எனக்கு, அன்றைக்கு வந்த கோபத்தைக் கொண்டுபோய் யாருடைய வாசலில் இறக்குவதென்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.